சிங்கப்பூரில் விசாரணை, ஹேக்கில் கையெழுத்து: ஒரு வக்கீலின் பயணக் குறிப்புகள்

இந்தக் குறிப்புகளை அந்தந்த நாள் இரவே எழுதிவிட்டேன். பதிவிடுவது மட்டும் இப்போது, நாளுக்கு ஒன்றாக. ஆர்பிட்ரேஷன், அதாவது தகராறை நீதிமன்றத்துக்குப் பதில் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவர்கள் முன் தீர்த்துக்கொள்வது, மூடிய கதவுக்குள் நடப்பது. நடந்துகொண்டிருக்கும்போது ஒரு வார்த்தை வெளியே போகக் கூடாது. இப்போதும் என் கட்சிக்காரர்களின் சம்மதத்தோடு, பெயர், தொழில், தொகை மூன்றையும் விட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயரோடு வரும் வழக்குகள் எல்லாம் தீர்ப்புகளில் வெளியாகி ஊருக்கே தெரிந்தவை.

சனி இரவு, சென்னை விமான நிலையம்

வெளியே ஐப்பசி போய்க் கார்த்திகை வந்தும் மழை விடவில்லை. விமானம் தாமதம். என்னோடு வரும் ஜூனியர் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு சாட்சி வாக்குமூலங்களுக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறார். முன்பெல்லாம் இப்படி ஒரு விசாரணைக்குப் பெட்டி பெட்டியாகக் காகிதம் போகும். இப்போது மொத்த ஆவணமும் கணினியில் அடங்கிவிடுகிறது. காகிதமாக நான் எடுத்துப்போவது இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகல் மட்டும்தான்.

நான் தொழில் பழகியது தம்புச் செட்டித் தெருவில் ஒரு சீனியரிடம். காசோலை வழக்கு, வாடகை வழக்கு, பாகப்பிரிவினை, எது வந்தாலும் எடுப்போம். அப்புறம் மும்பையில் ஒரு பெரிய நிறுவனத்தில் கம்பெனி வாங்கல், விற்றல் வேலை. அங்கேதான் எங்கள் தொழில் இரண்டு கூட்டமாகப் பிரிந்து கிடப்பதைப் பார்த்தேன். ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் ஒரு மாடி, வழக்காடுகிறவர்கள் இன்னொரு மாடி. கையெழுத்து ஆனதும் முதல் கூட்டம் கொண்டாட்டத்துக்குப் போய்விடும். ஐந்து வருடம் கழித்து அதே ஒப்பந்தம் இரண்டாவது கூட்டத்தின் மேசைக்கு வரும். எழுதியவர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார். சென்னைக்குத் திரும்பிய பிறகு இரண்டையும் சேர்த்தே செய்வது என்று முடிவெடுத்தேன். குறுக்கு விசாரணை அறையில் ஒரு நாளாவது உட்காராதவர் எல்லை கடந்த ஒப்பந்தம் எழுதவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். இந்தப் பயணத்தில் இரண்டும் வருகிறது: சிங்கப்பூரில் ஒரு விசாரணை, அது முடிந்த கையோடு ஐரோப்பாவில் வேறொரு கட்சிக்காரருக்காக ஒரு கம்பெனி வாங்கும் வேலை.

ஞாயிறு, சிங்கப்பூர்

காலையில் இறங்கி, குளித்து, நேரே மேக்ஸ்வெல் ரோட்டுக்குப் போனோம். நாளைக்கு உட்காரப்போகும் அறையை முன்தினமே பார்த்துவிடுவது என் வழக்கம். சாட்சி எங்கே உட்காருவார், நடுவர்கள் முகம் அவருக்குத் தெரியுமா, திரை எந்தப் பக்கம் என்றெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மேக்ஸ்வெல் சேம்பர்ஸ் ஒரு காலத்தில் சுங்க இலாகா கட்டடம். 2010 முதல் ஆர்பிட்ரேஷன் விசாரணைக்கென்றே இயங்குகிறது. பக்கத்தில் இருந்த பழைய போக்குவரத்துப் போலீஸ் தலைமையகத்தையும் 2019இல் இதோடு சேர்த்துக்கொண்டார்கள். நீதிமன்றக் கூண்டு கிடையாது, உயர்ந்த மேடை கிடையாது. நீண்ட மேசைகள், ஒவ்வொரு இடத்திலும் ஒரு திரை, அவ்வளவுதான். அடுத்தடுத்த அறைகளில் வெவ்வேறு நாட்டுச் சண்டைகள் நடக்கும். காப்பி எடுக்கப் போகும்போது எந்த நாட்டுக்காரர் எதிரில் வருவார் என்று சொல்ல முடியாது.

இந்தியக் கம்பெனிகள் ஏன் இங்கே வந்து மோதுகின்றன என்று ஊரில் பலரும் கேட்பார்கள். 1991இல் தொடங்கிய சிங்கப்பூர் சர்வதேச ஆர்பிட்ரேஷன் மையத்துக்கு வரும் வெளிநாட்டுக் கட்சிக்காரர்களில் பல ஆண்டுகள் இந்தியர்களே முதலிடம். காரணத்தில் ஒரு பாதி நம் நீதிமன்றங்களில்தான் இருக்கிறது. 2002இல் பாட்டியா இன்டர்நேஷனல் வழக்கில், வெளிநாட்டில் நடக்கும் ஆர்பிட்ரேஷனிலும் இந்திய நீதிமன்றம் தலையிடலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2008இல் சத்யம் கம்பெனி சம்பந்தப்பட்ட வழக்கில், வெளிநாட்டில் வந்த தீர்ப்பையே இங்கே ரத்து செய்யக் கேட்கலாம் என்றானது. வெளிநாட்டுக் கம்பெனிகள் மிரண்டுவிட்டன. 2012 செப்டம்பர் 6 அன்று பால்கோ வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தக் கதவை மூடியது. ஆனால் அந்தத் தேதிக்குப் பிறகு எழுதப்பட்ட ஒப்பந்தங்களுக்கு மட்டும். அதனால்தான் பழைய ஒப்பந்தம் ஒன்று கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது தேதியைத்தான்.

இன்னொரு வழக்கு நம்ம ஊரிலேயே பிறந்தது. வெளிநாட்டு வக்கீல்கள் இங்கே வந்து தொழில் செய்யக் கூடாது என்று ஏ.கே. பாலாஜி தொடுத்த வழக்கில் 2012இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது; 2018இல் உச்ச நீதிமன்றமும் பெரும்பாலும் அதை ஏற்றுக்கொண்டது. எப்போதாவது வந்து ஆலோசனை சொல்லிவிட்டுப் போகலாம், நிரந்தரமாகக் கடை விரிக்க முடியாது என்பது அப்போதைய தீர்ப்பின் சாரம். சிங்கப்பூரில் நிலைமை வேறு. இங்கே நடக்கும் ஆர்பிட்ரேஷனில் எந்த நாட்டு வக்கீலும் எழுந்து நின்று வாதாடலாம். நாளைக்கு நான் நிற்கப்போவதும் அந்தச் சலுகையில்தான்.

மாலையில் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போய்வந்தோம். 1827இல் நாராயண பிள்ளை நிறுவிய கோயில். விசாரணைக்கு வரும் தமிழ்க் கட்சிக்காரர்கள் பலரும் முதல் நாள் இங்கே ஒரு அர்ச்சனை செய்துவிட்டுத்தான் வருவார்கள்.

திங்கள், சிங்கப்பூர்

தொடக்க உரைகள். ஒவ்வொரு தரப்புக்கும் மொத்த நேரம் முன்பே பங்கிடப்பட்டிருக்கிறது. சதுரங்கப் போட்டியில் போல இரண்டு கடிகாரங்கள் ஓடும். நான் பேசினால் என் நேரம், எதிர்த்தரப்பு பேசினால் அவர்கள் நேரம். ஹைகோர்ட்டில் "பாஸ் ஓவர்" கேட்டு, அதாவது வழக்கைச் சற்று நேரம் கழித்து எடுக்கச் சொல்லி, வளர்ந்தவர்களுக்கு இது கடினமான பழக்கம். வீணாகப் போன பத்து நிமிடம் கடைசி நாளில் வந்து கழுத்தைப் பிடிக்கும். இன்று நேரத்தை மிச்சம் பிடித்தோம்.

செவ்வாய், சிங்கப்பூர்

இன்று எங்கள் முக்கியச் சாட்சியின் நாள். கொங்குப் பக்கத்துத் தொழிலதிபர், அறுபதைத் தாண்டியவர். வெளிநாட்டுக் கம்பெனியோடு சேர்ந்து ஒரு கூட்டு நிறுவனம் தொடங்கியவர். என்னை "அம்மிணி" என்றுதான் கூப்பிடுவார். நான் அவரை "அண்ணா" என்பேன்.

நேரடி விசாரணை என்று பெரிதாக எதுவும் கிடையாது. அவருடைய வாக்குமூலம் எழுத்தில் ஏற்கெனவே தாக்கல் ஆகிவிட்டது. கையெழுத்து உங்களுடையதுதானா, திருத்தம் ஏதாவது உண்டா என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு நான் உட்கார்ந்துவிட்டேன். எதிர்த்தரப்பில் லண்டனிலிருந்து வந்த சீனியர் எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை. ஒவ்வொரு கேள்வியும் ஒரு வரிதான். ஒரு மின்னஞ்சலைத் திரையில் காட்டச் சொன்னார். அதற்கு வந்த பதிலை, அந்தப் பதிலோடு இணைத்திருந்த அட்டவணையை, பிறகு ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்தை. திரையில் ஆவணம் மாறிக்கொண்டே இருக்க, பக்கத்துத் திரையில் பேசும் ஒவ்வொரு வார்த்தையும் சில நொடிகளில் எழுத்தாகி ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணன் தமிழில்தான் சாட்சி சொன்னார். ஆங்கிலத்தில் வியாபாரம் பேசுகிறவர்தான். ஆனால் பிரமாணம் எடுத்துக்கொண்டு பேசும்போது தாய்மொழியில் பேசுவதே நல்லது என்று முன்பே முடிவு செய்திருந்தோம். மொழிபெயர்ப்பாளர் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே விழும் அந்த இடைவெளி பயப்படுகிற சாட்சியை இன்னும் பயமுறுத்தும். அண்ணன் அந்த நேரத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வேட்டித் துண்டில் துடைப்பது போலக் கோட்டின் ஓரத்தில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பதில் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். நினைவில்லாததை நினைவில்லை என்றார். தனக்குப் பாதகமான ஒரு கடிதத்தைக் காட்டியபோது, "ஆமாங்க, நான்தான் எழுதச் சொன்னேன்" என்றார். நடுவர்களின் தலைவர் அந்த இடத்தில் பேனாவை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் நான் பார்த்தவரை, நடுவர்கள் ஒரு சாட்சியை நம்பத் தொடங்குவது பெரும்பாலும் இப்படிப்பட்ட பதிலில்தான்.

பிறகு அரை நாள் முழுக்க ஒரே ஒரு ஷரத்து. ஒப்பந்தத்தில் அது இரண்டு வரி. அதில் வரும் ஒரு சொல்லுக்கான விளக்கம், முந்தைய வரைவு ஒன்றில் இருந்திருக்கிறது. கையெழுத்தான பிரதியில் இல்லை. ஏன் எடுத்தார்கள், யார் எடுத்தார்கள், எடுத்தபோது என்ன நினைத்தார்கள் என்று கேள்வி மேல் கேள்வி. அந்த வரைவை எழுதிய வக்கீல்கள் யாரும் இந்த அறையில் இல்லை. அவர்கள் விட்டுப்போன இரண்டு வரிக்காக ஒரு பெரியவர் மணிக்கணக்கில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு மனசு கொதித்தது. ஒப்பந்தம் எழுதும் ஒவ்வொரு இளம் வக்கீலையும் இந்த அறைக்குக் கூட்டிவந்து பின் வரிசையில் உட்கார வைக்க வேண்டும்.

மாலை ஐந்து மணிக்கும் முடியவில்லை. நாளை தொடரும் என்றார்கள். குறுக்கு விசாரணை பாதியில் நிற்கும் சாட்சி தன் சொந்த வக்கீலோடுகூட வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது. நாங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், அந்த இரவு முழுக்க ஒதுங்கியே இருந்துவிடுவோம். இதை அவரிடம் ஊரிலேயே சொல்லியிருந்தோம். இருந்தாலும் கலையும்போது கை கூப்பி, "ஊரு விட்டு ஊரு கூட்டியாந்து தனியா விட்டுட்டீங்களே அம்மிணி" என்று சிரித்தார். பதில் சொல்லக் கூடாதே என்று நானும் கையை மட்டும் கூப்பினேன்.

இரவு சிராங்கூன் ரோடு கோமள விலாஸுக்குப் போனோம். 1947லிருந்து நடக்கும் கடை. இலையில் சோறு விழுந்த பிறகுதான் பார்த்தேன், நாலு மேசை தள்ளி அண்ணன் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜூனியர் எழப் போனார்.

"மேம், பாவம் மேம், தனியா இருக்கார். சும்மா சாப்பாடு பத்தி மட்டும் பேசலாமா?"

"வேண்டாம்ப்பா. நாளைக்கு 'நேற்று ராத்திரி யாரோட பேசினீங்க'ன்னு முதல் கேள்வியே வரலாம். அவர் நிம்மதியா 'யாரோடயும் இல்லை'ன்னு சொல்லட்டும்."

அண்ணன் எங்களைப் பார்த்துவிட்டு, ரசம் நன்றாக இருக்கிறது என்று கையால் சைகை காட்டினார். ரசம் உண்மையிலேயே நன்றாக இருந்தது.

புதன், சிங்கப்பூர்

முதல் கேள்வி அதேதான் வந்தது. அண்ணன் அதே பதிலைச் சொன்னார். பத்தரை மணிக்கு அவர் பகுதி முடிந்தது. வெளியே வந்ததும் என் தலையில் கை வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் காப்பி எடுக்கப் போனார்.

மதியம் நிபுணர்கள். இரு தரப்புக் கணக்கு நிபுணர்களையும் ஒன்றாக உட்கார வைத்து நடுவர்களே கேள்வி கேட்டார்கள். வருங்கால வருமானத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் தள்ளுபடி விகிதம் எவ்வளவு, எந்தத் தேதியின் டாலர் மதிப்பு என்று போயிற்று. எனக்குப் பிடித்த பகுதி இல்லை, ஆனால் தொகை தீர்மானமாவது இங்கேதான்.

வியாழன், சிங்கப்பூர்

விசாரணை முடிந்தது. எழுத்து வாதங்களுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். தீர்ப்பு வர மாதங்கள் ஆகும்.

சாங்கி விமான நிலையத்தில் அண்ணன் கேட்டார்: "நம்ம பக்கம் தீர்ப்பு வந்துட்டா பணம் வந்துருமுங்களா?"

"தீர்ப்பு வர்றது ஒண்ணுங்ண்ணா. பணம் வர்றது வேற."

அவருக்குச் சொன்னதை இங்கேயும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். சிங்கப்பூரில் வரும் தீர்ப்பை வேறொரு நாட்டில் நிறைவேற்ற வைப்பது 1958 ஜூன் 10 அன்று உருவான நியூயார்க் உடன்படிக்கை. 170க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் இருக்கின்றன. இந்தியா அந்த முதல் நாளே கையெழுத்திட்ட நாடு. ஒரு நாட்டு நீதிமன்றத் தீர்ப்புக்குக்கூட இவ்வளவு தூரம் செல்லுபடி கிடையாது. நீதிமன்றம் மறுக்கக்கூடிய காரணங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆனால் மறுக்காமலேயே இழுத்தடிக்கலாம். ஆஸ்திரேலியாவின் வைட் இண்டஸ்ட்ரீஸ் 1989இல் கோல் இந்தியாவோடு, இன்றைய ஜார்க்கண்டில் உள்ள பிபர்வார் சுரங்கத்துக்காக ஒப்பந்தம் போட்டது. 2002இல் அதற்குச் சாதகமாக நடுவர் தீர்ப்பு வந்தது. டெல்லியில் நிறைவேற்றக் கேட்டது ஒரு மனு, கல்கத்தாவில் ரத்து செய்யக் கேட்டது ஒரு மனு; இரண்டுக்கும் நடுவே ஆண்டுகள் ஓடின. கடைசியில் அந்தக் கம்பெனி இந்திய அரசின் மீதே, முதலீட்டாளர்களைப் பாதுகாக்க இரு நாடுகளும் போட்டிருந்த முதலீட்டு உடன்படிக்கையின்கீழ் வழக்குப் போட்டது. 2011இல் ஜெயித்தது. உரிமையை நிலைநாட்ட உருப்படியான வழி தரவில்லை என்பதுதான் இந்தியா மீது வந்த குற்றம். அதில் இன்னொரு விஷயம், அந்த வாக்குறுதி ஆஸ்திரேலியாவோடு போட்ட உடன்படிக்கையில் இல்லை. குவைத்தோடு போட்டதில் இருந்தது. மற்ற நாட்டுக்குத் தருவதை எங்களுக்கும் தருவீர்கள் என்ற ஷரத்தைப் பிடித்துக்கொண்டு அதை இங்கே இழுத்து வந்தார்கள்.

அதற்கு எதிர்முனையில் டோகோமோ வழக்கு. ஜப்பான் கம்பெனி 2009இல் டாடா டெலிசர்வீசஸில் பங்கு வாங்கியது. வியாபாரம் சரியாகப் போகாவிட்டால், வாங்கிய விலையில் குறைந்தது பாதிக்கு, அதாவது பங்குக்கு 58.045 ரூபாய்க்கு, அந்தப் பங்கை வாங்க ஆள் பிடித்துத் தருவதாக டாடா தரப்பின் வாக்குறுதி. 2014இல் விலக வந்தபோது மதிப்பீட்டாளர்கள் கணக்கிட்ட விலை 23.34 ரூபாய். அதற்கு மேல் கொடுக்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கவில்லை. லண்டனில் நடந்த ஆர்பிட்ரேஷனில் 2016 ஜூனில் சுமார் 117 கோடி டாலர் தீர்ப்பு. இது பங்கின் விலை அல்ல, வாக்குறுதியை மீறியதற்கான நஷ்ட ஈடு என்றார்கள் நடுவர்கள். 2017 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி முரளிதர், வழக்கில் தரப்பினராக இல்லாத ரிசர்வ் வங்கியின் ஆட்சேபத்தை ஏற்காமல், பணம் தர வழிவிட்டார். பங்கு வாங்கும் ஒப்பந்தத்தில் "விலகும் உரிமை" என்று எழுத உட்காரும்போதெல்லாம் நான் இந்தத் தீர்ப்பை மறுபடி ஒரு முறை படித்துவிடுவேன்.

அண்ணன் எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப அவங்க சொத்து எந்த ஊருல இருக்குதுன்னு இப்பவே பார்த்து வெச்சுக்கோணும்" என்றார். சட்டம் படிக்காமலே விஷயத்துக்கு வந்துவிட்டார். அவர் கோவை விமானத்துக்கும் நாங்கள் லண்டன் விமானத்துக்கும் பிரிந்தோம்.

வெள்ளி, லண்டன்

நாலு மணிக்கே இருட்டிவிட்டது. இங்கே வேறு கட்சிக்காரர்: தமிழ்நாட்டுக் கம்பெனி ஒன்று ஐரோப்பியத் தொழிற்சாலை ஒன்றை வாங்குகிறது. ஒப்பந்தத்துக்கு ஆங்கிலேயச் சட்டம். விற்கப்படும் கம்பெனி நெதர்லாந்தில் பதிவானது. பணம் இந்தியாவிலிருந்து போகிறது. 2022இல் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி, கம்பெனியின் நிகர மதிப்பில் 400 சதவீதம் வரை தனி அனுமதி இல்லாமல் வெளியே முதலீடு செய்யலாம். அந்தக் கணக்கை வங்கியோடு முன்பே முடித்திருந்தோம்.

இன்று கடைசிச் சுற்றுப் பேச்சு. விலை, உத்தரவாதங்கள், இழப்பீட்டு வரம்பு எல்லாம் இரவு பத்து மணிக்குள் தீர்ந்தன. மிச்சம் கடைசிப் பக்கத்தில் இருக்கும் தகராறு ஷரத்து, அதாவது சண்டை வந்தால் எங்கே, எப்படித் தீர்ப்பது என்பது. எல்லோரும் கோட்டை எடுத்து மாட்டத் தொடங்கிவிட்டார்கள். பழைய ஒப்பந்தத்திலிருந்து எடுத்து ஒட்டிவிடலாம் என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். எங்கள் தொழிலில் இதற்கு நள்ளிரவு ஷரத்து என்றே பெயர் உண்டு.

நான் உட்காரச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை அந்தப் பெரியவர் கண்ணாடியைத் துடைத்தது கண்ணுக்குள் நின்றது. சீட், அதாவது ஆர்பிட்ரேஷனுக்குச் சட்டப்படியான இடம், சிங்கப்பூரா லண்டனா? மூன்று நடுவரா ஒருவரா? எந்த மொழி? எல்லாவற்றுக்கும் மேல், ஆர்பிட்ரேஷன் உடன்பாட்டுக்கே எந்த நாட்டுச் சட்டம்? ஒப்பந்தத்துக்கு ஒரு சட்டம் சொல்லிவிட்டால் போதாதா என்று தோன்றும். போதாது. 2020இல் எங்கா வழக்கில் இங்கிலாந்து உச்ச நீதிமன்றம், பொதுவாக ஒப்பந்தத்தின் சட்டமே ஆர்பிட்ரேஷன் உடன்பாட்டுக்கும் பொருந்தும் என்றது. 2025 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய ஆர்பிட்ரேஷன் சட்டம் அதை மாற்றி, வேறு எதுவும் எழுதாவிட்டால் சீட் எந்த நாடோ அந்த நாட்டுச் சட்டம் என்கிறது. சிங்கப்பூர் நீதிமன்றம் இதைத் தன் வழியில் பார்க்கும். ஒரே ஒரு வரி எழுதிவிட்டால் இந்தச் சண்டையே கிடையாது. எழுதினோம். ஷரத்து முழுவதற்கும் நாற்பது நிமிடம் பிடித்தது. அந்த ஷரத்தில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் விளக்கப் பகுதியில் இடம் இருக்கிறதா என்று ஜூனியர் விரல் வைத்துச் சரிபார்த்தார். நான் சொல்லவில்லை, அவராகவே செய்தார்.

சனி, லண்டன்

இன்று வேலை இல்லை. ஜூனியருக்கு ஃபெட்டர் லேனில் உள்ள ரோல்ஸ் பில்டிங்கைக் காட்டக் கூட்டிப்போனேன். விடுமுறை, உள்ளே போக முடியாது. பெரிய வணிக வழக்குகள் நடப்பது இங்கேதான். கண்ணாடியும் கல்லுமாக ஒரு அலுவலகக் கட்டடம், கோபுரமோ தூணோ இல்லை.

வெளியே நின்றபடி நிஜாம் வழக்கைச் சொன்னேன். 1948 செப்டம்பரில் இந்தியப் படை ஹைதராபாத்துக்குள் நுழைந்தது. 20ஆம் தேதி நிஜாமின் லண்டன் பிரதிநிதி 10,07,940 பவுண்டும் 9 ஷில்லிங்கும் பாகிஸ்தான் ஹைகமிஷனரின் கணக்குக்கு மாற்றினார். என் அனுமதி இல்லாமல் நடந்தது, திருப்பிக் கொடு என்றார் நிஜாம். வெளிநாட்டு அரசை இங்கே வழக்குக்கு இழுக்க முடியாது என்று, அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1957இல் கைவிரித்தது. பணம் வங்கியிலேயே கிடந்து வட்டி ஏறியது. 2013இல் பாகிஸ்தானே அந்தப் பணம் தனக்கு வேண்டும் என்று வழக்குப் போட்டபோது, அதுவரை இருந்த பாதுகாப்பைத் தானே விட்டுக்கொடுத்துவிட்டது. 2019 அக்டோபர் 2 அன்று தீர்ப்பு: அப்போது சுமார் 3.5 கோடி பவுண்டாகியிருந்த தொகை நிஜாமின் வாரிசுகளுக்கும் இந்தியாவுக்கும் உரியது.

"எழுபத்தோரு வருஷம் மேம்" என்றார் ஜூனியர். "அந்த வங்கிக் கணக்கில் யார் கேட்டால் கொடுக்கணும்னு ஒரு வரி எழுதியிருந்தா?"

அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். மழை வலுத்தது. பஸ் ஏறிவிட்டோம்.

ஞாயிறு, ஹேக்

லண்டனிலிருந்து ரயிலில் கடலுக்கடியில் வந்து, ராட்டர்டாமில் மாறி ஹேக். ஒன்றாம் எண் டிராம் அமைதி மாளிகை வாசலிலேயே நிற்கிறது.

1913இல் திறந்த மாளிகை. அமெரிக்கத் தொழிலதிபர் கார்னகி 15 லட்சம் டாலர் கொடுத்தார். சர்வதேச நீதிமன்றம் இங்கேதான். அதைவிட மூத்தது, 1899இல் உருவான நிரந்தர நடுவர் மன்றமும் இங்கேதான். பெயரில் மன்றம் இருந்தாலும் அங்கே நிரந்தர நீதிபதிகள் உட்கார்ந்திருப்பதில்லை. ஒவ்வொரு வழக்குக்கும் தனி நடுவர் குழு. மன்றம் அதற்குப் பதிவாளராக இருந்து வேலையை நடத்தித் தருகிறது.

கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்க்கும்போது எனக்கு வோடஃபோன் வழக்குதான் நினைவுக்கு வரும். கம்பெனி வாங்கல் வேலையில் என் தலைமுறையையே மாற்றிய வழக்கு. 2007இல் ஹாங்காங்கின் ஹட்ச் நிறுவனத்திடமிருந்து இந்தியத் தொலைபேசித் தொழிலை வோடஃபோன் சுமார் 1,100 கோடி டாலருக்கு வாங்கியது. உண்மையில் கை மாறியது கேமன் தீவுக் கம்பெனி ஒன்றின் ஒரு டாலர் முகமதிப்புள்ள ஒரே ஒரு பங்கு. வாங்கியது நெதர்லாந்துக் கம்பெனி. இந்தியாவில் எதுவும் விற்கப்படவில்லையே, வரி எதற்கு என்றார்கள். 2012 ஜனவரி 20 அன்று உச்ச நீதிமன்றம் வோடஃபோன் பக்கம் நின்றது. சில மாதங்களில் நாடாளுமன்றம் 1962 வரை பின்னோக்கிப் போய்ச் சட்டத்தைத் திருத்தியது. வோடஃபோன், இந்தியாவும் நெதர்லாந்தும் போட்ட முதலீட்டு உடன்படிக்கையைக் கையிலெடுத்தது. 2020 செப்டம்பரில் நடுவர்கள் மூவரும், இந்தியா நியமித்தவர் உட்பட, இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில், இதே பின்தேதி வரியை எதிர்த்த பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பெனி கெய்ர்னின் வழக்கிலும் 120 கோடி டாலர் தீர்ப்பு.

கெய்ர்ன் பணத்துக்காகக் காத்திருக்கவில்லை. நியூயார்க்கில் ஏர் இந்தியாவைக் குறிவைத்து வழக்குப் போட்டது. 2021 ஜூலையில் பாரிஸில் இந்திய அரசுக்குச் சொந்தமான சுமார் இருபது சொத்துகளை முடக்கப் பிரெஞ்சு நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கியதாகச் செய்தி வந்தது. அடுத்த மாதமே பின்தேதி வரியைக் கைவிடும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சுமார் 7,900 கோடி ரூபாய் திரும்பப் போனது. சாங்கியில் அண்ணன் சொன்னாரே, சொத்து எந்த ஊரில் இருக்கிறது என்று, அதுதான் இது. ஒரு நாட்டின் அரசாங்கத்துக்கே இந்த விதி என்றால் கம்பெனிகள் எம்மாத்திரம்.

வரி விதிக்கும் உரிமை அரசுக்கு இருக்கிறது, அதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. ஐம்பது வருடம் பின்னால் போய் விதிப்பது தவறு. அதேபோல், ஒரு நாட்டின் வரிச் சட்டத்தை மூன்று தனி மனிதர்கள் மூடிய அறையில் எடைபோடுவதும் எனக்கு நெருடல்தான். இந்தியா அதற்குப் பிறகு பழைய முதலீட்டு உடன்படிக்கைகள் பலவற்றை ரத்து செய்துவிட்டது. புதிய மாதிரி உடன்படிக்கைப்படி முதலில் ஐந்து வருடம் உள்நாட்டு நீதிமன்றங்களில் முயல வேண்டும். வைட் இண்டஸ்ட்ரீஸ் கதையைப் படித்தவருக்கு அந்த ஐந்து வருடம் என்றால் என்னவென்று புரியும்.

திங்கள், ஹேக்

நெதர்லாந்துச் சட்டத்தில் இந்த வகைக் கம்பெனியின் பங்கு, வாங்குபவரும் விற்பவரும் கையெழுத்துப் போட்டால் மட்டும் கைமாறாது. நோட்டரி முன்னால் பத்திரம் நிறைவேற வேண்டும். இந்த ஊர் நோட்டரி நம்ம ஊரில் முத்திரை குத்தித் தருபவர் போல அல்ல. சட்டம் படித்து, தனிப் பயிற்சி எடுத்து, அரசு நியமனத்தில் வருபவர். பணம் முழுக்க அவருடைய தனிக் கணக்கில் வந்து நிற்கும். பத்திரம் முடிந்த பிறகே விற்பவருக்குப் போகும்.

காலை எட்டு மணிக்கு நோட்டரி அலுவலகத்திலிருந்து கேள்வி. எங்கள் சேர்மனின் பவர் பத்திரத்தில் பெயருக்கு முன் ஒற்றை இனிஷியல். பாஸ்போர்ட்டில் அதே இடத்தில் அப்பாவின் முழுப் பெயர், அதுவும் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில். இருவரும் ஒருவர்தானா? குடும்பப் பெயர் இல்லாத ஊரிலிருந்து வருகிறோம் என்பது அவர்களுக்குப் புதிது. எனக்குப் புதிதல்ல. பவர் பத்திரத்துக்கு அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் வெளிநாட்டில் செல்ல அரசு தரும் சான்று) வாங்க அனுப்பியபோதே, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற பிரமாணப் பத்திரத்துக்கும் சேர்த்து வாங்கி வைத்திருந்தோம். தமிழ்நாட்டிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் எந்த ஆவணத்தோடும் நான் அதைச் சேர்த்தே அனுப்புவேன். ஜூனியர் ஐந்து நிமிடத்தில் மூலப் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

நோட்டரி அம்மையார் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முத்திரை எண்ணை இந்திய அரசின் இணையதளத்தில் சரிபார்த்தார், தலையாட்டினார். பிறகு பத்திரத்தின் முக்கியப் பகுதிகளை நிதானமாக விளக்கினார். பதினொன்றே முக்காலுக்குக் கையெழுத்து. பங்குதாரர் பதிவேட்டில் புதிய உரிமையாளர் பெயரைக் கையால் எழுதினார்கள், இனிஷியலை விரித்து முழுசாக. சென்னையில் காத்திருந்த சேர்மனுக்கு ஜூனியர்தான் போன் செய்து சொன்னார்.

இனி வங்கிக்கு முதலீட்டுச் சான்று தர வேண்டும், அதற்கு ஆறு மாத கெடு. சிங்கப்பூர் வழக்கின் எழுத்து வாதத்துக்கு அவ்வளவு நேரம் இல்லை. விமானத்தில் முதல் வரைவைத் தொடங்கிவிடுகிறேன் என்கிறார் ஜூனியர். செவ்வாய்க்கிழமை சாட்சியத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறேன்.